ஏழு எண் போட்ட கடிதம்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடைக் கிராமம் ஒன்றிலிருந்து 38 வயது வாசகர் எழுதிய கடிதம் இது. அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டு, சுருக்கித் தருகிறேன்.

"அம்மா, வணக்கம். நானும் என் மனைவியும் பத்து வருஷம் திருப்பூரில் இருந்தோம். நான் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், அவள் செக்கிங் வேலை. கஜா புயலுக்கு அப்புறம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்கு வந்தோம். அப்பா இப்போது இல்லை. என் பாகத்துக்கு வந்த 12 மா, அதாவது நாலு ஏக்கர் நிலத்தில் சாகுபடி. பகலில் ஒரு நெல் வியாபாரியின் குடோனில் கணக்கு எழுதுகிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் பிரச்சினை. வரிசையாக எழுதுகிறேன். ஒன்று: மேல்மடையில் இருக்கும் அண்ணன் 2022லிருந்து நாலு வருஷமாக எனக்குத் தண்ணீர் விடாமல் மறிக்கிறார். இரண்டு: தங்கை பங்கு கேட்டு கேஸ் போடுவேன் என்கிறாள். மூன்று: தை கடைசியில் வாங்கி சித்திரையில் அனுப்பிய 500 மூட்டையில் 19 மூட்டை குறைகிறது என்று முதலாளி என் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார். நான் எடுக்கவில்லை. நான்கு: மனைவி நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கே போகலாம் என்கிறாள். அவளுக்கு மண் மேல் பாசமே இல்லை. இப்போது பேச்சும் இல்லை. ஐந்து: கோயில் கமிட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள், ஊரில் மதிப்பு போய்விட்டது. ஆறு: தூக்கம் இல்லை. வாரத்தில் மூன்று நாள் குடிக்கிறேன். இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஏழு: எனக்கு அஷ்டமச் சனி, இரண்டு வருஷம் பொறுக்கணும் என்கிறார் ஜோசியர். சாகுபடிச் செலவுக்கு அவள் நகை வேறு வங்கியில் இருக்கிறது. நான் வீட்டுக்குள் நுழைந்தால் என் மகள் டிவியை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறாள். சில ராத்திரி எல்லாத்தையும் விட்டுட்டு ஒரேயடியா போயிடலாம்னு தோணுது. இதை எல்லாம் தீர்க்க ஒரு வழி சொல்லுங்கள்."

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை நீங்கள் போட்ட வரிசைப்படி, அடுத்து ஏழிலிருந்து ஒன்றுக்கு, மூன்றாவதாக எண் போடாத வரிகளை மட்டும். எனக்குப் பெரிதாகப்பட்ட விஷயங்கள் அந்த எண் போடாத வரிகளில் இருந்தன.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் கடைசி வரி. "ஒரேயடியா போயிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பா? இப்படி நேராகக் கேட்டால் அந்த நினைப்பை நாமே தூண்டிவிட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுவார்கள். இருபத்தாறு வருஷமாகக் குடும்பநல ஆலோசனை செய்கிறேன். கேட்டதும் கண் கலங்கி, பாரம் இறங்கினாற்போலப் பேச ஆரம்பித்தவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்பது உங்கள் பதிலானால் இந்தக் கடிதத்தின் மீதியை அப்புறம் படியுங்கள். இப்போதே 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். வயலுக்கு வாங்கிய மருந்து டப்பா வீட்டில் மிச்சம் இருந்தால் இன்றைக்கே அதை வேறு வீட்டில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம், தம்பி. இரண்டு மணி ராத்திரியில் தோன்றுவது விடிந்தபின் அதே எடையில் இருப்பதில்லை. அந்தப் பின்னிரவு வேளையைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். அதைத் தனியாகத் தாண்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அதனால் உங்கள் ஆறாம் எண்ணை நான் ஒன்றாம் எண் ஆக்குகிறேன். குடித்தால் படுத்ததும் கண் சொருகும், உண்மைதான். ஆனால் உடம்பு அந்தச் சாராயத்தை எரித்து முடிக்கும் பின்னிரவில் தூக்கம் கிழிந்துபோகும். உங்களுக்கு இரண்டு மணிக்கு விழிப்பு வருவதற்கு அண்ணனை மட்டும் காரணம் சொல்ல முடியாது. குடிக்காத நான்கு நாளில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று ஒரு வாரம் காலண்டர் தாளில் குறித்துப் பாருங்கள். மூன்று நாள் என்று நீங்கள் எழுதியது உண்மையில் ஏழு நாளாக இருந்தால், சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். தூங்காத மனுஷன் எடுக்கும் முடிவை நான் நம்புவதில்லை. என் முடிவையே நம்புவதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

என் அப்பா வெண்ணாற்றுப் பாசனத்தில் லஸ்கர் வேலை பார்த்தவர். மதகு திறப்பது, அடைப்பது, கரையைப் பார்ப்பது. கடைமடை ஆட்கள் விடியற்காலையில் வாசலுக்கு வந்து கத்துவார்கள், "மேல உள்ளவன் அடைச்சுட்டான், தண்ணி வரல" என்று. அப்பா வாதாட மாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, திட்டியவரையும் கூட அழைத்துக்கொண்டு, வாய்க்காலின் வாலிலிருந்து தலையை நோக்கி நடப்பார். விடுமுறை நாளில் நானும் போவேன். மடியில் வைக்கோல் கற்றை இருக்கும். ஐம்பது அடிக்கு ஒரு துண்டு கிள்ளித் தண்ணீரில் போடுவார். வைக்கோல் நேராக ஓடினால் மேலே நடப்பார். ஓரிடத்தில் அது தயங்கும், சுழலும், கரை ஒதுங்கும். அங்கே குனிவார். சில நாள் ஆகாயத்தாமரை அண்டிக் கிடக்கும். சில நாள் மாடு இறங்கிக் கரை சரிந்திருக்கும். சில நாள் நிஜமாகவே யாரோ சாக்கில் மண் கட்டி மறித்திருப்பார்கள். பார்க்கும் வரைக்கும் இந்த மூன்றில் எது என்று அப்பா வாயால் சொல்லிக் கேட்டதில்லை.

நான் பின்னால் படித்ததும் இதுதான். 1971இல் டிசூரில்லா, கோல்ட்ஃபிரீட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், பிரச்சினை தீர்ப்பதையே ஒரு பயிற்சியாகக் கற்றுக்கொடுக்கலாம் என்று எழுதினார்கள். அவர்கள் சொன்ன ஐந்து கட்டத்தில் வழி யோசிப்பது மூன்றாவதாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் இரண்டு. நமக்குப் பிரச்சினை வருவது இயல்பு, அதைக் கையாள நம்மால் முடியும் என்று மனசை நிறுத்துவது ஒன்று. இன்னதுதான் பிரச்சினை என்று கண்ணால் கண்டதை வைத்து வரையறுப்பது இன்னொன்று. என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டையும் தாண்டிக் குதித்து நேராக வழி கேட்பார்கள். நீங்களும்தான்.

உங்கள் ஏழு வரியையும் பாருங்கள். "மறிக்கிறார்." "பாசமே இல்லை." "மதிப்பு போய்விட்டது." இவை நீங்கள் எழுதிய தீர்ப்புகள். நடந்தது என்ன என்று கடிதத்தில் இல்லை. ஒரே ஒரு வரியில் மட்டும்தான் கணக்கு இருக்கிறது, அது குடோன் வரி. அதில் தொடங்கலாம்.

500 மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ. தை மாதம் வாங்கும்போது மாய்ஸ்சர், அதாவது நெல்லின் ஈரப்பதம், எவ்வளவு? பேச்சுக்கு 17 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், அரசுக் கொள்முதல் நிலையத்தில் வழக்கமாகக் கேட்கும் அளவு அது. அப்படியானால் 40 கிலோ மூட்டையில் 6.8 கிலோ வெறும் தண்ணீர், 33.2 கிலோதான் உலர்ந்த பொருள். பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கிடந்து அது 14 சதவீதத்துக்கு இறங்கினால், அதே நெல்லின் எடை 33.2ஐ 0.86ஆல் வகுத்தால் வருவது, அதாவது 38.6 கிலோ. மூட்டைக்கு 1.4 கிலோ காற்றோடு போயிற்று. 500 மூட்டைக்கு ஏறத்தாழ 698 கிலோ, அதாவது 17 மூட்டைக்கு மேல். யாரும் கை வைக்காமலே, தம்பி! உங்கள் கணக்கில் குறைந்தது 19. மீதி இருப்பது ஒன்றரை மூட்டை. எலி, சிந்தல், சாக்கு ஓட்டை, குத்தூசி போட்டு எடுத்த மாதிரி நெல், இவற்றில் பார்க்கலாம்.

இந்த எண்கள் நான் பேச்சுக்கு எடுத்தவை. உங்கள் சரக்கு உள்ளே வந்த அன்று மாய்ஸ்சர் பார்த்து எழுதியிருந்தால் அதை எடுங்கள். எழுதவில்லையென்றால் இப்போது குடோனில் இருக்கும் சரக்கில் பத்து மூட்டைக்கு அடையாளம் போட்டு, இன்றைய எடை, இன்றைய மாய்ஸ்சர் எழுதி, பதினைந்து நாள் கழித்து மறுபடி எடை போடுங்கள். முதலாளி முன்னாலேயே போடுங்கள். "நான் திருடல" என்று நீங்கள் எத்தனை தடவை சொன்னாலும் அது சொல்லாகத்தான் நிற்கும். பத்து மூட்டையின் எடை கண் முன்னால் குறைந்தால் அவரே கணக்குப் போடுவார். நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதற்கு முன் வேலையாளிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்பது 1936ஆம் வருஷத்து ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே இருந்த விதி. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் பேச்சில் அதை எடுக்க வேண்டாம். சட்டத்தை முதலில் எடுத்தால் எடைக்கல்லைப் பார்க்க அவருக்கு மனசு வராது. எடை போட்ட பிறகும் அவர் பிடித்துக்கொண்டே இருந்தால், அப்போது உங்கள் பிரச்சினை 19 மூட்டை அல்ல, இந்த முதலாளி. அதற்கு வழி வேறு வேலை தேடுவது. இரண்டையும் இப்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது உங்கள் அண்ணன்.

நாலு வருஷமாக மறிக்கிறார் என்கிறீர்கள். நாலு வருஷத்தையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள். 2024இல், வழக்கமாக மேட்டூர் அணையைத் திறக்கும் ஜூன் 12 அன்று திறக்கவே இல்லை. அணையில் தண்ணீர் இல்லை, ஜூலை 28தான் திறந்தார்கள். அந்த வருஷக் குறுவைக்கு உங்கள் அண்ணனுக்கும் ஆற்றுத் தண்ணீர் கிடையாது. 2023இல் ஜூன் 12 திறந்தார்கள், ஆனால் இருப்பு குறைந்துபோய் அக்டோபர் 10 அன்று மூடிவிட்டார்கள். சம்பா நாற்று நிற்கும் நேரம். அன்றைக்கு டெல்டா முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த இரண்டு வருஷத்தையும் அண்ணன் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் பேரில் எழுத நியாயமில்லை.

மிச்சம் 2022, 2025. இதில் 2022 எனக்கு முக்கியமான வருஷம். அந்த வருஷம் மே 24ஆம் தேதியே மேட்டூரைத் திறந்தார்கள், ஆறு நிறையத் தண்ணீர் ஓடியது. தண்ணீர் தாராளமாக இருந்த அந்த வருஷத்தில் உங்கள் வாமடைக்கு, வயலுக்குள் தண்ணீர் நுழையும் அந்த வாய்க்கு, என்ன வந்தது? நிறைய வந்தது என்றால், தட்டுப்பாடு காலத்தில் மட்டும்தான் சண்டை. அது முறை வைத்துப் பங்கிட வேண்டிய விஷயம். அப்போதும் வரவில்லை என்றால் உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவில் வாய்க்காலில் ஏதோ இருக்கிறது. அது அண்ணனாகவும் இருக்கலாம், மண்ணாகவும் இருக்கலாம்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு குடும்பம். விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். பங்காளிகள் மூன்று வருஷம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு வீட்டுச் சாவுக்கு இன்னொரு வீட்டார் வரவில்லை. காரணம் தண்ணீர். இரண்டு பேரையும் தனித்தனியே கேட்டபோது ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "முன்னாடி இப்படி இல்ல." எப்போதிலிருந்து என்று கேட்டேன். இருவரும் யோசித்துச் சொன்ன வருஷம் ஒன்றுதான், ஊருக்குத் தார் ரோடு போட்ட வருஷம். போய்ப் பார்த்தோம். ரோட்டுக்கு அடியில் வாய்க்காலுக்காகப் பதித்த சிமெண்டுக் குழாயின் அடிமட்டம் வாய்க்கால் தரையை விட முக்கால் அடி உயரத்தில் இருந்தது. தண்ணீர் முக்கால் அடி ஏறிய பிறகுதான் அந்தப் பக்கம் போகும். அது வரைக்கும் மேல்வயல்காரர் நிலத்தில் முழங்கால் தண்ணீர், கீழ்வயல்காரர் நிலத்தில் வெடிப்பு. ஒருவர் "மறிக்கிறான்" என்றார், மற்றவர் "என் பயிர் அழுகுது, இவன் பழி போடுறான்" என்றார். குழாய்க்குள் கையை விட்டுப் பார்த்த பெரியவர் ஈரக் கையோடு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் வைத்து நான் எத்தனை பேசியிருந்தாலும் அந்தக் குழாய் ஒரு அங்குலம் இறங்கியிருக்காது.

உங்கள் ஊரிலும் குழாய்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அண்ணன் மறிக்கவும் கூடும். பாகம் பிரிந்த வீட்டில் மனத்தாங்கல் இருக்கும். அடுத்த முறைத் தண்ணீர் வரும் அன்று விடிகாலையில் நடந்து பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். அவரிடம் எதுவும் சொல்லப் போக வேண்டாம், பார்க்க மட்டும் போங்கள். சாக்கு மண் இருந்தால் போட்டோ எடுங்கள், கையை வைத்துப் பிடுங்காதீர்கள். பிடுங்கிய நிமிஷத்தில் தண்ணீர்ப் பிரச்சினை மறைந்து அடிதடிப் பிரச்சினையாகிவிடும். வேறு அடைப்பு இருந்தால் அண்ணனிடம் போக உங்களுக்கு ஒரு நல்ல காரணம் கிடைக்கிறது: "அண்ணே, இங்க வந்து இதக் கொஞ்சம் பாருங்க." நாலு வருஷத்தில் அவரிடம் குறை சொல்லாத முதல் வாக்கியமாக அது இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடைப்பு பொதுவில் இருந்தால் அது ஊர்ப் பிரச்சினை, தனியாளாக அலையாதீர்கள். முதலில் அந்த வாய்க்கால் எந்த வகுப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏ, பி வாய்க்கால் நீர்வளத் துறையிடம் இருக்கும். சி, டி வாய்க்கால் என்றால் ஊராட்சியையும் வேளாண் பொறியியல் துறையையும் பார்க்க வேண்டும். தப்பான ஆபீஸுக்குப் போன மனு அங்கேயே தூங்கும். மனுவில் ஒரே ஒரு கோரிக்கை, சர்வே எண், தேதியோடு போட்டோ, அந்த வாய்க்காலில் பாயும் எல்லோரின் கையெழுத்து, அண்ணன் கையெழுத்தும். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நடவடிக்கை தெரியவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி கேளுங்கள், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். கோடையில் வாய்க்கால் காய்ந்திருக்கும்போது மனு போடுங்கள். தண்ணீர் வந்தபிறகு யாராலும் இறங்கி வேலை செய்ய முடியாது.

மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருஷங்களுக்கு உங்களிடமோ என்னிடமோ வழி இல்லை. காவிரி நடுவர் மன்றம் அமைந்தது 1990இல். இறுதித் தீர்ப்பு வந்தது 2007இல். உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது 2018இல். இரண்டு மாநில அரசுகளும் இருபத்தெட்டு வருஷம் வழக்காடிய ஒன்றை, 12 மா வைத்திருக்கிற நீங்கள் உங்கள் தோல்வியாகத் தூக்கிச் சுமக்கிறீர்கள். உங்கள் பக்கம் நிலத்தடி நீரும் உப்பு, போர் போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. அந்த இரண்டு வருஷ நஷ்டத்துக்காக வருத்தப்படுங்கள். வருத்தம் நியாயமானது. ஆனால் அந்த வருத்தத்துக்கு ஒரு ஆள் முகத்தை ஒட்டாதீர்கள்.

இப்போது உங்கள் மனைவி. இங்கேதான் எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் கோபம் வந்தது. உரிமையோடு சொல்கிறேன்.

ஏழு பிரச்சினைக்கு எண் போட்டீர்கள். அவள் நகை வங்கியில் இருப்பதற்கு எண் இல்லை. "வேறு" என்ற ஒரு சொல்லோடு ஜோசியருக்குப் பின்னால் ஒரு மூலையில் வைத்திருக்கிறீர்கள். திருப்பூரில் அவள் செக்கிங் வேலை பார்த்தாள் என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அங்கே சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவர் அவள் கையில் வந்திருக்கும். மகளுக்கு ஒரு கவுன், தனக்கு ஒரு புடவை, அம்மாவுக்கு அனுப்ப ஒரு ஐநூறு, யாரையும் கேட்காமல் எடுத்திருப்பாள். இங்கே வந்து ஏழெட்டு வருஷம். கவர் இல்லை, கழுத்திலும் இல்லை. கல்யாணத்துக்குப் போனால் சொந்தக்காரப் பெண்கள் முதலில் பார்ப்பது கழுத்தைத்தான் என்று நமக்குத் தெரியாதா? வட்டி ஏறுகிறது, தண்ணீர் வரவில்லை, நீங்கள் குடித்துவிட்டு வருகிறீர்கள். "திருப்பூருக்குப் போயிடலாம்" என்று அவள் சொன்னால் உங்கள் காதில் "மண் மேல் பாசம் இல்லை" என்று விழுகிறது. என் காதில் "எனக்குன்னு கையில ஒண்ணும் இல்ல" என்று விழுகிறது.

நான் கேட்டதும் தப்பாக இருக்கலாம். நான் அவளைப் பார்த்ததே இல்லை. அதனால் அவளைத்தான் கேட்க வேண்டும். சமையலறையில் அவள் வேலையாக இருக்கும்போது வாசலில் நின்றுகொண்டு கேட்காதீர்கள். குடிக்காத ஒரு நாள், மகள் தூங்கிய பிறகு, திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள்: "திருப்பூர்ல உனக்கு என்ன இருந்துச்சு? இங்க என்ன இல்ல?" கேட்டுவிட்டுக் கால் மணி நேரம் வாயைத் திறக்காதீர்கள். அவள் சொல்வது அநியாயமாகத் தோன்றினாலும் "அப்படி இல்ல" என்று தொடங்காதீர்கள். இது ரொம்பக் கஷ்டம். வாத்தியார்கள், வக்கீல்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் என் முன்னாலேயே தோற்றிருக்கிறார்கள். முதல் நாள் அவள் பேசாமல் எழுந்து போனால் விட்டுவிடுங்கள். நாலு நாள் கழித்து இன்னொரு தடவை.

பதில் என்னவாக இருந்தாலும், நகையை மீட்கும் கணக்கு ஒன்றை இருவருமாகச் சேர்ந்து எழுதுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மீட்புத் தேதி எப்போது, எந்த வரவில் எவ்வளவு எடுத்து வைக்கலாம் என்று நோட்டில், அவள் கையெழுத்தில் இருக்கட்டும். சம்பளத்தில் பிடிப்பது நின்றால் அந்தத் தொகை முதலில் இதற்குப் போகட்டும். விற்பதா, இருப்பதா என்ற முடிவை ஒரு வருஷம் தள்ளி வைக்கலாம். குறுவையோ சம்பாவோ ஒரு போகம் முழுதாகப் பார்த்த பிறகு, தூங்கி எழுந்த மனசோடு எடுங்கள். திருப்பூர் போவது தோல்வி என்றும் நான் நினைக்கவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போனவர்களும் நல்லபடியாக இருக்கிறார்கள்.

தங்கை விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. பெண்ணுக்குப் பங்கு உண்டு. உயில் எழுதாமல் தகப்பனார் போனால் அவர் சொத்தில் மகளுக்கும் மனைவிக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு என்பது 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை என்று 2005இல் திருத்தம் வந்தாயிற்று. அதனால் "தங்கை கேஸ் போடுவாள்" என்று பிரச்சினையை எழுதாதீர்கள். "தங்கைக்கு இன்னும் பங்கு கொடுக்கவில்லை" என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் வழி தானே தெரிகிறது. அண்ணனும் நீங்களும் சேர்ந்துதான் இதைச் செய்ய வேண்டியிருக்கும். பணமாகவா, நிலமாகவா, எத்தனை தவணை என்று பேச மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசம் வைத்துக்கொள்ளலாம். கோர்ட்டு வாசலில் பத்து வருஷம் நிற்க வேண்டாம். உங்களுக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

கோயில் கமிட்டியை இப்போதைக்கு விடுங்கள். குடிப்பதும் கடனும் ஊருக்குத் தெரியும், பெயரை எடுத்திருப்பார்கள். அது நின்றால் அவர்களே வந்து கூப்பிடுவார்கள், கூப்பிடாவிட்டாலும் சாப்பாடு இறங்கும். சனி விஷயத்தில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். காலம் சரியில்லை என்ற எண்ணம் மனசுக்குக் கொஞ்சம் இளைப்பாறல் தருகிறது என்றால் தரட்டும். திருநள்ளாறு உங்களுக்குத் தூரம் இல்லை. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் மகளை உட்காரவையுங்கள். ஆனால் மூட்டை எடை போடுவதை இரண்டு வருஷம் தள்ளி வைக்காதீர்கள்.

மகளைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே வரி. டிவியை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறாள். உங்கள் கடிதத்தில் தீர்ப்பு சொல்லாமல், கண்ணால் கண்டதை அப்படியே எழுதிய வரி அது. என்ன நடக்கிறது என்று உங்களுக்குப் பார்க்கத் தெரிகிறது, தம்பி. மற்ற ஏழையும் அதேபோலப் பார்த்து எழுத உங்களால் முடியும்.

ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். எல்லாம் தீர்ந்ததா என்று கேட்க மாட்டேன். காலண்டர் தாளில் குறித்த தூக்கக் கணக்கு, பத்து மூட்டையின் இரண்டு எடை, வாய்க்காலில் கண்டது, மனைவி சொன்ன வார்த்தை, இந்த நான்கையும் அனுப்புங்கள். நேரில் வருவதானால் அவளுக்கும் வர விருப்பமா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

முறைத் தண்ணீர் விடும் நாள் சனி, ஞாயிறாக இருந்தால் மகளையும் எழுப்பிக் கூட்டிப் போங்கள். வரமாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். வந்தால், வைக்கோல் கற்றையை அவள் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்